சுங்குடியில் முடிச்சும் மெழுகும்

மதுரைச் சுங்குடியின் புள்ளி வரையப்படுவதன்று, சாயத்திலிருந்து காக்கப்படுவது. துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால், சாயம் புகாத இடம் புள்ளியாக எஞ்சுகிறது. கைக்குக் கை இறுக்கம் மாறுவதால் ஒரு புள்ளி மற்றொன்றை முற்றும் ஒத்திருப்பதில்லை. மதுரையில் குடியேறிய சௌராட்டிர மக்கள் பேணிய கலை இது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் வேண்டும். கட்டுவோர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே உழைக்கும் பெண்கள். எனவே விரைவும் மலிவும் உடைய மெழுகு அச்சு எளிதில் இடம்பிடித்தது.

மெழுகையே குறைகூறுவது பொருந்தாது. சென்னையை அடுத்து 1966இல் உருவான சோழமண்டல ஓவியர் கிராமத்தின் கலைஞர்கள், மெழுகுச் சாய முறையான பத்திக் துணிகளை விற்றுத் தம் ஓவிய வாழ்வுக்குப் பொருள் ஈட்டினர். அங்கே மெழுகு தனக்கே உரிய கோட்டையும் விரிசலையும் காட்டியது. மதுரையிலோ அது பெரிதும் முடிச்சுப் புள்ளியைப் போலச் செய்யவே பயன்பட்டது. புத்தாக்கம் என்னும் சொல் முன்னதற்குப் பொருந்தும். பின்னதற்குத் தயங்கியே வழங்கலாம்.

சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது. அது பெயரைக் காக்கும். முடிச்சிடுவோர் கூலியை வரையறுக்காது. முடிச்சிட்டதும் அச்சிட்டதும் கடையில் ஒரே பெயரில் அடுக்கப்படும்வரை, விலை வேறுபாட்டின் காரணம் வாங்குவோருக்குப் புலப்படுவதில்லை.