இழப்பீட்டை யார் தர வேண்டும்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் என்றொரு நகரம். 1981 மார்ச்சில் 19 வயது கறுப்பின இளைஞர் மைக்கேல் டொனால்ட் அங்கே கொல்லப்பட்டு, மரத்தில் தொங்கவிடப்பட்டார். கொன்றவர்களுக்கும் அவருக்கும் எந்த முன்பகையும் இல்லை. வெள்ளைக் காவலரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட வேறொரு கறுப்பரின் வழக்கில், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அந்த ஆத்திரத்தில், 'கு கிளக்ஸ் கிளான்' என்ற வெள்ளை இனவெறி அமைப்பினர் இருவர் வழியில் கண்ட கறுப்பர் ஒருவரைப் பிடித்துக் கொன்றார்கள்.

போதைப்பொருள் தகராறு என்று போலீசார் திசைதிருப்பப் பார்த்தார்கள். தாய் பியூலா மே டொனால்ட் விடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கொலையாளிகள் சிக்கினர். ஒருவருக்கு மரண தண்டனை, மற்றவருக்கு ஆயுள் தண்டனை.

அத்துடன் தாய் ஓய்ந்துவிடவில்லை. கொன்ற கைகள் இரண்டு பேருடையவை. ஏவிய வெறி ஓர் அமைப்புடையது. அந்த அமைப்பையும் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றார்.

அமெரிக்கக் குற்றவியல் வழக்கில், குற்றவாளியா இல்லையா என்பதை ஜூரி சொல்லும். பாதிக்கப்பட்டவருக்குக் குற்றவாளி தர வேண்டிய தொகையைப் பெரும்பாலும் நீதிபதியே நிர்ணயிப்பார். அதையும் ஜூரியிடம் விட வேண்டும் என்ற வாதம் அங்கே இன்றும் உண்டு. 2019இல் இந்தக் கேள்வியை விசாரிக்க அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்தபோது, இரு நீதிபதிகள் மாறுபட்டார்கள். நட்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்கில் நிலைமை வேறு. தொகையை ஜூரியே சொல்லலாம். அந்த வழியைத்தான் தாய் எடுத்தார்.

1987 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஜூரிகள் அனைவரும் வெள்ளையர்கள். ஆனாலும் அந்த அமைப்பு 70 லட்சம் டாலர் தர வேண்டும் என்றார்கள். அமைப்பிடம் அவ்வளவு பணம் ஏது? தலைமையகக் கட்டடத்தையே தாயிடம் எழுதிக் கொடுத்தது. அதை விற்றதில் சுமார் 52,000 டாலர் கிடைத்தது. அரசுக் குடியிருப்பில் வாழ்ந்தவர் சொந்த வீடு வாங்கினார். இனவெறி அமைப்பு நொடிந்துபோனது.

நம் நாட்டில் இப்போது ஜூரி முறை இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் நிவாரணம் நம் உரிமை; ஆனால் அது அரசுப் பணம். அரிவாளை எடுத்தவரின் சொத்து அப்படியே இருக்கிறது.

அவரிடமிருந்தும் வாங்கித் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஆம் பிரிவாக இருந்தது, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395ஆம் பிரிவு. குற்றவாளியே இழப்பீடு தர வேண்டும் என்று நீதிபதி இதன்படி உத்தரவிடலாம். ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இதைப் பரிசீலித்து, தந்தாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்டனை பற்றிய விசாரணையில் தம் தரப்பைச் சொல்லும் உரிமையை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவர்களுக்குத் தருகிறது.

சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த இரண்டு பிரிவுகளையும் ஊருக்குச் சொல்லுங்கள். வழக்கு நடத்தும் குடும்பங்கள், அரசு வழக்கறிஞரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். தண்டனை அறிவிக்கும் நாளில் நீதிபதியின் முன் அந்தக் கோரிக்கை இருக்க வேண்டும். கேட்காமல் எழுந்து வந்துவிட்டால், குற்றவாளியின் கணக்கு தீராமலே கோப்பு மூடப்பட்டுவிடும்.