செம்புக் கரண்டி மண்ணைக் காப்பாற்றுமா? ஆம்பூர் மண் கேட்பது வேறு!

இணையத்தில் மாடித்தோட்டத்துக்கு ஒரு மண் கரண்டி தேடிப் பாருங்கள். இரும்புக் கருவிகளுக்கு நடுவே பளபளவென்று செம்பில் கரண்டி, களைக்கொத்து என்று வந்து நிற்கும். ‘இரும்பு மண்ணின் உயிரைக் கெடுக்கும், செம்பு வளம் சேர்க்கும்’ என்ற பேச்சும் கூடவே வரும். விலையோ பல மடங்கு!

இந்தப் பேச்சு பிறந்த ஊர் ஆஸ்திரியா. அங்கே வனத்துறையில் இருந்த விக்டர் ஷாபெர்கர் (1885-1958), இரும்புக் கலப்பை மண்ணின் ஈரத்தைக் குறைக்கிறது, செம்பு காக்கிறது என்று நம்பினார். மண் அறிவியல் இதை ஏற்கவில்லை. செம்பு, இரும்பைப் போலத் துருப்பிடிக்காது என்பது மட்டும் உண்மை. ஆனால், கல் மண்ணில் ஓங்கிக் குத்தினால் வளைந்துவிடும்.

பயிருக்குச் செம்பு தேவைதான். ஆனால் அது நுண்ணூட்டம். துளி அளவு போதும். மிஞ்சினால் மண்புழுவையே பாதிக்கும். ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைக் காலம் காலமாகத் தெளித்ததில் மண்ணில் செம்பு சேர்ந்துவிட்டது. அதனால், 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் செம்பு போகக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

சரி, நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வருவோம். இங்கே மண்ணின் நோய் செம்புக் குறைவு அல்ல.

உப்பில் தொடங்கிய கதை

பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். தொழிற்சாலையில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில் இறங்கும். அடுத்து, பதனிட குரோமியம். ஒரு கிலோ தோலுக்குச் சராசரியாக 35 லிட்டர் தண்ணீர் என்கிறது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சுத்திகரிக்காத அந்தக் கழிவு பல ஆண்டுகள் பாலாற்றிலும் வயல்வெளியிலும் ஓடியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு அது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அதில் பதிவாகியிருக்கிறது. ‘கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஆழமாக வேரூன்ற இந்த வழக்கு முக்கியக் காரணம். ஆனால், இழப்பீடு சேராதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று 2025 ஜனவரி 30-லும் அதே நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஓடியது 28 ஆண்டுகள்!

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் உவரா, களரா என்று தெரிய வேண்டும். உவர் மண்ணில் வெள்ளை பூத்திருக்கும். நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் உப்பு இறங்கும். களர் மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு மண் இறுகியிருக்கும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கும். அதன் காரத்தன்மை, மண்ணில் ஏற்கெனவே இருக்கிற செம்பையும் துத்தநாகத்தையும்கூட வேருக்குக் கிடைக்காமல் பூட்டி வைக்கும். அதில் செம்புக் கரண்டியால் கிளறி என்ன பயன்?

களருக்கு மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும். நல்ல தண்ணீர் விட்டு வடிக்க வேண்டும். எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுவது வழக்கம். நெல் வைப்பவர்களுக்குக் களர் தாங்கும் திருச்சி ரகங்கள் இருக்கின்றன. பாசனத் தண்ணீரே உப்பாக இருந்தால் மட்டும் இத்தனையும் வீண்.

மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏரி வண்டல் நல்ல உரம்தான். தோல் கழிவு கலந்த ஏரியின் வண்டல் வேண்டாம். தொட்டிக்கு மழைநீர் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள். சந்தேகமுள்ள மண்ணில் வளர்ந்த கீரையை மண் போக நாலு தண்ணீரில் அலசுங்கள். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், இலையில் ஒட்டிவரும் மண்தான் கவலை.

இன்னொன்று. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். செம்பு உண்டு, குரோமியம் இல்லை! தொழிற்சாலைக்குப் பக்கத்து நிலம் என்றால் குரோமியத்துக்குத் தனியாகக் கேட்டுப் பரிசோதிக்க வேண்டும். வேலூர் பக்கம் இருப்பவர்கள் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

மாதிரி எடுக்க, ‘V’ வடிவில் குழி வெட்டி, அதன் ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். நாலைந்து இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ கொடுத்தால் போதும். நுண்ணூட்டப் பரிசோதனை என்றால் எவர்சில்வர் கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோதான் சரி. ஆசையாக வாங்கிய செம்புக் கரண்டியை அன்றைக்கு மட்டும் தொடாதீர்கள். அதன் செம்பு மாதிரியில் ஒட்டி, முடிவையே மாற்றிவிடக்கூடும்.