விவேக்கின் ரசிகர்கள் ஏன் மரக்கன்றோடு வந்தார்கள்?

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. அதிகாலை 4.35 மணிக்குச் சென்னை வடபழனியில் உள்ள தனியார் மருத்துவமனையில் நடிகர் விவேக்கின் உயிர் பிரிந்தது. வயது 59. கொரோனாவின் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டம் சேரக் கூடாது என்று எச்சரிக்கை இருந்தும் விருகம்பாக்கம் வீட்டின் முன் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பலர் கையில் மரக்கன்று இருந்தது. தமிழ்நாடெங்கும் அன்றும் அடுத்தடுத்த நாட்களிலும் பள்ளி வளாகங்களிலும் சாலை ஓரங்களிலும் அவர் பெயரைச் சொல்லிக் கன்றுகள் நடப்பட்டன.

அதே நாட்களில் துக்கத்தோடு சேர்ந்து இன்னொன்றும் பரவியது. கொரோனா தடுப்பூசிதான் அவரைக் கொன்றுவிட்டது என்ற பேச்சு. ஒரே மனிதரின் சாவை ஒட்டி எழுந்த இந்த இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலில் அவர் மீதான பாசம். கதாநாயகனின் படம் வெளியாகி, ஓடி, முடிந்துவிடும். நகைச்சுவைப் பகுதிக்கு ஆயுள் அதிகம். 2000-க்குப் பிறகு வந்த பல படங்களில் விவேக்கின் காட்சிகள் தனிக்கதை போலவே எழுதப்பட்டவை. படத்தைப் பார்க்காதவருக்கும் அவை புரியும். 'ரன்', 'சாமி', 'தூள்' என்று படம் படமாக வெட்டியெடுத்து ஆதித்யா, சிரிப்பொலி தொலைக்காட்சிகள் வருடக்கணக்கில் ஒளிபரப்பின. சாப்பாட்டு வேளையில் வீட்டுக்குள் கேட்ட குரல் அது. பள்ளியில் படிக்கும்போது அந்தக் காட்சிகளைப் பேசிக் காட்டிய பிள்ளைகள் வளர்ந்து, அவற்றையே மீம்களாக்கினார்கள். இப்படி இருபது வருடம் வீட்டில் புழங்கிய ஒருவர் திடீரென இல்லை என்றால், அந்த வலிக்கு ரசிகர் மன்ற உறுப்பினர் அட்டை தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. சிரிப்பின் நடுவே அவர் சொன்ன சேதிகள் மக்களிடம் தங்கிவிட்டன. லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டும் மூடநம்பிக்கையைக் கேலி செய்த காட்சி ஊரில் பலருக்கு மனப்பாடம். 'சாமி'யில் தீண்டாமையைச் சாடினார். 'ரன்' படத்தில் பட்டணத்துக்குப் புதிதாக வரும் இளைஞன் எப்படியெல்லாம் ஏமாற்றப்படுகிறான் என்பதைக் காக்கா பிரியாணி வரை கொண்டுபோய்க் காட்டினார். 1957-இல் மறைந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் வழி இது என்று கண்டுகொண்டதால்தான் விவேக்கைச் சின்னக் கலைவாணர் என்று அழைத்தார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, சென்னைத் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து, ஹியூமர் கிளப் மேடையில் பேசி, இயக்குநர் கே.பாலசந்தர் கண்ணில் பட்டு 1987-இல் 'மனதில் உறுதி வேண்டும்' படத்தில் அறிமுகமானவர். 2009-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மரக்கன்றுக்கு வருவோம். அப்துல் கலாமை அவர் குருவாகவே வைத்திருந்தார். மரம் நடச் சொன்னவர் கலாம்தான். 'கிரீன் கலாம்' என்ற பெயரில் ஒரு கோடி மரம் என்று இலக்கு வைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார் விவேக். 2015 ஜூலையில் கலாம் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் தன் 13 வயது மகனை நோய்க்குப் பறிகொடுத்தார் விவேக். ஒரு தகப்பனை ஒடித்துப் போடக்கூடிய அடி அது. அதன் பிறகும் அவர் கன்று நடுவதை விடவில்லை. இறந்தபோது கணக்கு 33 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஆகவே ரசிகர்கள் என்ன செய்வதென்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. செய்ய வேண்டிய வேலையை அவரே கொடுத்துவிட்டுப் போயிருந்தார், பாக்கிக் கணக்கோடு. சினிமாக்காரர்களின் சாவில் தீக்குளிப்புகளையும் கல்வீச்சையும் பார்த்த தமிழ்நாட்டில், ஒரு நடிகரின் இறுதி ஊர்வலத்தில் மரக்கன்று வந்ததைப் பெரிய விஷயமாகவே நான் கருதுகிறேன். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்ததால் தேர்தல் ஆணையத்தின் அனுமதி பெற்று, மேட்டுக்குப்பம் மின்மயானத்தில் காவல் துறை மரியாதையோடு அவரை வழியனுப்பினார்கள். இறுதிச் சடங்கைச் செய்தவர் அவர் மகள். சங்கரன்கோவில் அருகே உள்ள சொந்த ஊரான பெருங்கோட்டூரில் அஸ்தியைப் புதைத்த இடத்திலும் கன்று நட்டார்கள்.

தடுப்பூசிச் சந்தேகம்

ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் விவேக் கோவாக்சின் தடுப்பூசி போட்டுக்கொண்டார். ஊசிக்குப் பயந்து மக்கள் தயங்கிய காலம். ஏழை எளியவர்கள் நாடி வருவது அரசு மருத்துவமனை என்பதால் அங்கேயே போட்டுக்கொள்வதாகவும், ஊசி பாதுகாப்பானது என்றும் செய்தியாளர்களிடம் சொன்னார். மறுநாள் காலை வீட்டில் நெஞ்சுவலியோடு மயங்கி விழுந்தார். அதற்கு மறுநாள் இறந்தார். ஊசி, மயக்கம், மரணம். இந்த வரிசையைக் கேட்ட எவருக்கும் சந்தேகம் வரும். சந்தேகப்பட்டவர்களை முட்டாள்கள் என்று ஏசியது தவறு.

மருத்துவர்கள் கண்டது என்ன? இதயத்தின் முன்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியில் நூறு சதவீத அடைப்பு. அதைப் பலூன் வைத்துத் திறந்தார்கள். ஆனாலும் இதயம் தேறவில்லை. இதயம், நுரையீரலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவியில் வைத்தார்கள். தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிவது பல வருடங்களாக, வலியே இல்லாமல் நடக்கக்கூடியது. அந்தப் படிவு ஒரு நாள் வெடிப்பு விடும். அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை முழுதாக மூடிவிடும். வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருப்பவரையும் இது சாய்த்துவிடும். விவேக்குக்கு நேர்ந்ததற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறைச் செயலரும் அப்போதே விளக்கினார்கள்.

அது போதவில்லை. பெரிய மனிதர்களின் மருத்துவமனை மரணங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது 2016-இல் ஜெயலலிதா மறைந்ததிலிருந்து தமிழர்களுக்குப் பழகிவிட்டது. எக்மோ என்ற கருவியின் பெயரே பலருக்கு அப்போதுதான் தெரியும், 2020-இல் பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் மறைந்தபோது மீண்டும் கேட்டோம். தேசிய மனித உரிமை ஆணையம் வரை விவேக் விவகாரம் போனது.

ஊசி போட்ட பிறகு நேரும் இறப்புகளை விசாரிக்க நாட்டில் ஒரு நடைமுறை இருக்கிறது. மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று மட்டத்திலும் குழுக்கள் உண்டு. மருத்துவக் குறிப்புகளைப் பார்த்து, ஊசியின் விளைவா, தற்செயலா, முடிவுசெய்ய முடியாததா என்று வகைப்படுத்துவார்கள். விவேக்கின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்ற முடிவு 2021 அக்டோபரில் வெளிவந்தது. இடையில் ஆறு மாதம். வதந்திக்கு ஒரு மாலைப் பொழுதே போதுமானதாக இருந்தது. இத்தகைய முடிவுகள் எளிய தமிழில், விரைவாக மக்களிடம் வந்திருந்தால், ஊசி போட்டுக்கொள்ளச் சொல்ல வந்த மனிதரின் சாவே மக்களை ஊசிக்கு அஞ்ச வைத்த கொடுமை இவ்வளவு தூரம் போயிருக்காது.

பிறகு

மறைந்த பின்னும் அவர் திரையில் வந்துகொண்டிருந்தார். 'அரண்மனை 3', 'தி லெஜண்ட்', 2024-இல் 'இந்தியன் 2'. கமல்ஹாசனோடு நடிக்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசை அந்தக் கடைசிப் படத்தில்தான் நிறைவேறியது. அவர் குடியிருந்த பத்மாவதி நகர் பிரதான சாலைக்கு 2022 மே மாதம் சின்னக் கலைவாணர் விவேக் சாலை என்று அரசு பெயர் சூட்டியது.

ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நினைவு நாளான ஏப்ரல் 17 கன்று நடத் தோதான நாள் அல்ல. அடுத்து வருவது அக்னி நட்சத்திரம். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத கன்று மே மாதத்திலேயே கருகிவிடும். அவர் பிறந்த நாள் நவம்பர் 19. வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அப்போதுதான் கிடைக்கிறது. அன்று வேம்பு, புங்கை, நாவல், பூவரசு என நம் மண்ணுக்குப் பழகிய கன்றை நட்டு, ஆடு மாடு கடிக்காமல் கூண்டு வைத்தால் வேர் பிடித்துவிடும். அடுத்து வரும் இரண்டு கோடைகளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஏப்ரல் 17 அன்று அந்தக் கன்றுக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றலாம்.