குழந்தைக்கு பேஸ்ட் வாங்க போறீங்களா? முதல்ல வீட்டு தண்ணியை பாருங்க!

தர்மபுரி:-

"புள்ளைக்கு பல்லு முளைச்சிடுச்சு, சின்ன புள்ளைங்க பேஸ்ட் ஒண்ணு குடுங்க." மெடிக்கல் ஷாப்புகளில் தினமும் கேட்கும் பேச்சு இது. கடைக்காரர் பொம்மை படம் போட்ட டப்பாவை எடுத்து நீட்டுவார். ஸ்ட்ராபெர்ரி வாசனை வேறு. அம்மாவும் விலையை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிப் போய்விடுவார்.

டப்பாவில் பார்க்க வேண்டியது பொம்மையை அல்ல. பொடி எழுத்தில் புளோரைடு எவ்வளவு என்று போட்டிருக்கும், அதைத்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் இதை இன்னும் கொஞ்சம் கவனமாக பார்க்க வேண்டும். காரணம், இங்கே நிலத்தடி தண்ணீரிலேயே புளோரைடு இருக்கிறது.

புளோரைடு என்பது பல்லின் மேல்பூச்சை (எனாமல்) கெட்டியாக்கி சொத்தை வராமல் தடுக்கிற பொருள். அளவோடு இருந்தால் நல்லது. அளவு மீறி வயிற்றுக்குள் போனால் பல்லில் வெள்ளை திட்டு, பழுப்பு கறை விழும். நம்ம ஊர்களில் காவி பூசியது மாதிரி பல்லோடு எத்தனை பேரை பார்க்கிறோம்! அவர்கள் பல் விளக்காதவர்கள் அல்ல. சின்ன வயதில் குடித்த தண்ணீர் செய்த வேலை அது.

7 வயதில் தெரியும் கறை

விழுந்து முளைக்கும் முன்பற்களின் எனாமல், குழந்தை பிறந்ததில் இருந்து சுமார் 3 வயதுக்குள் தாடைக்கு உள்ளேயே உருவாகிறது. அந்த நேரத்தில் புளோரைடு அதிகமானால், 7 வயதில் பல் முளைக்கும்போதே கறையோடு வரும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதனால் இன்றைக்கு 8 மாத குழந்தைக்கு கொடுக்கிற தண்ணீரில்தான் விஷயமே இருக்கிறது.

குடிதண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு வரை இருக்கலாம், வேறு வழி இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்திய தர அளவு. இதற்கு மேல் இருக்கும் போர் தண்ணீருக்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் காவிரி தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணியை குடிக்கிற வீடுகள் உண்டு.

ஒரு சின்ன கணக்கு பாருங்க. அரிசி அளவு பேஸ்டை குழந்தை அப்படியே முழுங்கினாலும் உள்ளே போவது சுமார் 0.1 மில்லிகிராம் புளோரைடு. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை அரை லிட்டர் குடித்தால் 1.5 மில்லிகிராம். 15 மடங்கு! பேஸ்டை பார்த்து பயப்படுகிற நாம், தண்ணியை பார்த்து பயப்படுவதில்லை.

தாய்ப்பாலில் இந்த பிரச்சினை கிடையாது. அம்மா குடிக்கிற தண்ணீரில் புளோரைடு இருந்தாலும் பாலில் மிகக் குறைவாகத்தான் வரும். பவுடர் பால் கலக்குகிற தண்ணீர்தான் ஆபத்து. "கொதிக்க வெச்சுத்தான் குடுக்கிறோம்" என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட கூடத்தான் செய்யும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் போர் தண்ணீரை கொடுத்து சோதித்துக் கொள்ளலாம். கண்ணாலோ, ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது.

எந்த பேஸ்ட்?

காவிரி தண்ணீர் குடிக்கிற வீடா? புளோரைடு உள்ள பேஸ்டே நல்லது. நம் நாட்டில் பேஸ்டில் அதிகபட்சம் 1000 பி.பி.எம். தான் இருக்கலாம். அளவை டியூபிலும் டப்பாவிலும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். 3 வயது வரை ஒரு அரிசி அளவு. 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது மாதிரி பிரஷ் நீளத்துக்கு பிதுக்குவது கம்பெனிக்குத்தான் லாபம்.

போர் தண்ணீரில் அளவு அதிகம் என்று தெரிந்தால் முதலில் தண்ணீரை மாற்றுங்கள். பேஸ்டுக்கு பல் டாக்டரை கேளுங்கள். அதுவரை புளோரைடு இல்லாத பேஸ்ட், இல்லை வெறும் தண்ணீர் போதும். ஆனால் விளக்குவதை மட்டும் நிறுத்தக்கூடாது.

டியூபின் அடியில் பச்சை கட்டம் இருந்தால் மூலிகை, கருப்பு இருந்தால் கெமிக்கல் என்று செல்போனில் ஒரு தகவல் சுற்றுகிறது. சுத்த பொய். அது டியூபை எங்கே வெட்டி ஒட்டுவது என்று மிஷினுக்கு காட்டுகிற அடையாளம், அவ்வளவுதான். செங்கல் தூள், சாம்பல், கரி, உப்பு எல்லாம் குழந்தை பல்லில் வேண்டவே வேண்டாம். மெல்லிய எனாமலை தேய்த்து எடுத்துவிடும்.

எப்போது, எப்படி?

பல் முளைப்பதற்கு முன்பே, பால் குடித்த பிறகு சுத்தமான துணியை நனைத்து விரலில் சுற்றி ஈறை துடைத்து விடலாம். சுமார் 6 மாதத்தில் கீழே நடுப்பல் எட்டிப் பார்த்ததும் பிரஷ் ஆரம்பம். தலை சின்னதாக, நார் மெத்தென்று இருக்க வேண்டும். சில குழந்தைக்கு மேல் பல் முதலில் வரும். மாமனுக்கு ஆகாது என்று வீட்டில் கலவரம் நடக்கும். மாமனுக்கு ஒன்றும் ஆகாது!

குழந்தையை மடியில் மல்லாக்க படுக்க வைத்து, தலைப்பக்கம் இருந்து பாருங்கள். வாய் முழுக்க தெரியும். அழுகிறதா? பரவாயில்லை, அழும்போது வாய் நல்லா திறக்கும். காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. ராத்திரிதான் முக்கியம். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைவு, அதனால் சொத்தை சீக்கிரம் பிடிக்கும். 7, 8 வயது வரை பெரியவர்கள்தான் விளக்கிவிட வேண்டும். "அவனே தேய்ச்சுக்கறான்" என்று 3 வயதில் பெருமைப்பட வேண்டாம்.

சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்க வைப்பதுதான் பெரிய எதிரி. கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கொள்ளும். மேல் முன்பல் 4-ம் பாலில் ஊறி அரித்துப் போகும். அழுகையை நிறுத்த நிப்பிளில் தேன் தடவுவதும் இதே கதைதான். அதிலும் 1 வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது, விஷக்கிருமி ஆபத்து உண்டு.

"பால் பல்லுதானே, விழத்தான் போகுது" என்பவர்களுக்கு ஒரு தகவல். கடைசி பால் கடைவாய்ப்பல் விழுவது 10, 12 வயதில். அதுவரை சாப்பிட அதுதான். சொத்தையால் முன்னாடியே பிடுங்கினால் பக்கத்து பல் சாய்ந்து, புதுப்பல் கோணலாக வரும்.

மாதம் ஒரு தடவை குழந்தையின் மேல் உதட்டை தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி சுண்ணாம்பு கோடு மாதிரி வெள்ளையாக தெரிந்தால் சொத்தை ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் போனால் டாக்டர் புளோரைடு பூச்சு போட்டே நிறுத்திவிட பார்ப்பார். பழுப்பாகி உடைய ஆரம்பித்துவிட்டால் அடைப்பதா, பிடுங்குவதா என்று போய்விடும். எதுவும் தெரியாவிட்டாலும் முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டாலே பார்ப்பார்கள். போகும்போது வீட்டில் எந்த தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.