இணைப்பை இரவல் வாங்குதல்

நான் ஆசிரியப் பணியில் இருந்த நாட்களில், எங்கள் பள்ளியின் இரசாயன ஆய்வுக்கூடத்தில் 40 மாணவர்களுக்கு ஐந்து தராசுகளே இருந்தன. ஆளுக்கொரு தராசு வாங்கப் பணமும் இல்லை. வைக்க இடமும் இல்லை. ஒருவர் நிறுத்து முடித்தபின் அடுத்தவர் என்று முறை வைத்துக் காலத்தை ஓட்டினோம். தரவுத்தளத்தை நாடிச் செல்லும் நிரல்களின் நிலையும் இதுவே. சில இணைப்புகளைப் பலரும் இரவல் வாங்கிப் பயன்படுத்தித் திரும்பக் கொடுக்கும் ஏற்பாட்டைக் 'கனெக்‌ஷன் பூல்' என்கின்றனர். நாம் இணைப்புத் தொகுதி என்று சொல்லிக்கொள்வோம். அதனை நாமே கட்டுவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சு.

வேண்டும்போது ஓர் இணைப்பைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதும், ஆனால் செலவு மிகுதி. இரு கணிப்பொறிகளும் முதலில் மூன்று செய்திகளைப் பரிமாறிக்கொண்டு வழியை உறுதி செய்ய வேண்டும். பிறகு கடவுச்சொல்லைச் சரிபார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளமோ, வருகின்ற ஒவ்வோர் இணைப்பையும் கவனிக்கத் தன்னிடத்தில் தனியொரு நிரலோட்டத்தையே தொடங்குகிறது. ஒரு மாணவனின் மதிப்பெண்ணைப் படித்தெடுக்கும் நேரத்தைவிட, இந்த வரவேற்பு உபசாரத்துக்கு ஆகும் நேரம் அதிகமாகிவிடும். அன்றியும், நாமாக மாற்றி அமைத்தாலொழிய, அது ஒரே காலத்தில் ஏற்கும் இணைப்புகள் 100 மட்டுமே.

ஆகவே ஐந்து இணைப்புகளை முன்னரே திறந்து ஒரு பட்டியலில் வைக்கிறோம். கேட்பவருக்கு ஒன்றை எடுத்துக் கொடுக்கிறோம். திரும்பி வந்ததும் சேர்த்துக்கொள்கிறோம். வேலை முடிந்ததுபோலத் தோன்றும். தொல்லையே இனிமேல்தான்.

ஒரு நிரலுக்குள் பல வேலைகள் ஒரே காலத்தில் நடைபெறும். அவை ஒவ்வொன்றையும் இழை என்போம். பட்டியலில் ஒரே இணைப்பு எஞ்சியிருக்கிறது என்று கொள்ளுங்கள். முதல் இழை எட்டிப் பார்த்து, ஒன்று இருக்கிறது என்று அறிகிறது. அதனை எடுப்பதற்குள் இரண்டாம் இழையும் பார்க்கிறது. ஒன்று இருக்கிறது என்றே அதுவும் அறிகிறது. இரண்டும் கை நீட்டுகின்றன. ஒன்றுக்கு வெறுங்கை என்றால் நல்ல காலம். பிழைச் செய்தியாவது வரும். இரண்டின் கையிலும் அதே இணைப்பு அகப்பட்டாலோ, கேடு வெளியே தெரியாது. முதல் இழை ஒரு கணக்கில் நூறு ரூபாயைக் கழித்துவிட்டு, மற்றொரு கணக்கில் இன்னும் சேர்க்காமல் இருக்கும் வேளையில், இரண்டாம் இழை தன் வேலையை 'உறுதி செய்' என்று ஆணையிடும். இணைப்பு ஒன்றே ஆதலால், பாதி முடிந்த கணக்கும் சேர்ந்தே உறுதியாகிவிடும். அதன்பின் முதல் இழை இடையில் முறிந்தால், நூறு ரூபாய் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதுதான். இத்தகைய பிழை, சோதிக்கும்போது தலைகாட்டாது. கூட்டம் மிகுந்த நாளில் வந்து நிற்கும்.

பார்ப்பதும் எடுப்பதும் இரு செயல்களாய் இருப்பதே நோயின் மூலம். அவற்றை ஒரே செயலாக்குவதற்கே பூட்டு. பூட்டைப் பெற்ற இழை மட்டுமே பட்டியலைத் தொடலாம்; இணைப்பை எடுத்தவுடன் பூட்டை விட்டுவிட வேண்டும். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே தரவுத்தளத்திடம் வினவத் தொடங்கினால், ஐந்து தராசுகள் இருந்தும் ஒருவரே நிறுக்கும் கதையாகிவிடும்.

பட்டியல் வெறுமையாய் இருந்தால்? 'வந்ததா, வந்ததா' என்று ஓயாமல் கேட்பது வீண். இழையை உறங்க வைத்து, இணைப்பு திரும்பும்போது எழுப்ப வேண்டும். உறங்குமுன் அது பூட்டை விட்டுவிட வேண்டும். இல்லையேல் திருப்பிக் கொடுக்க வருபவர் உள்ளே நுழையவே இயலாது. எழுந்ததும் பட்டியலை மீண்டும் பார்க்க வேண்டும். எழுந்து பூட்டைப் பெறுவதற்குள் வேறோர் இழை முந்திக்கொண்டிருக்கலாமன்றோ? மாணவர் பலர் இவ்விடத்தில்தான் வழுக்கி விழுகின்றனர். ஐந்து விநாடி காத்தும் கிடைக்கவில்லையெனில், இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவதே மேல்.

இவ்வாறு எண்ணி உள்ளே விடும் காவலை 1960-களில் வகுத்தவர் நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா (1930–2002). இரயில் பாதைக் கைகாட்டியின் பெயரையே அவர் அதற்கு இட்டார். எண் ஐந்தில் தொடங்கும். ஒருவர் எடுத்தால் ஒன்று குறையும். சுழியானால் வருபவர் நிற்பர். திரும்பக் கொடுத்தால் ஒன்று கூடும்.

திரும்பக் கொடுத்தல் என்றேன். என் பழைய மாணவர் ஒருவர் ஒரு பள்ளி நூலகத்துக்கு நிரல் எழுதித் தந்திருந்தார். காலையில் நன்றாக ஓடும். பிற்பகலில் அசையாது நின்றுவிடும். அணைத்துத் தொடங்கினால் மறுபடி ஓடும். இரு வாரம் பூட்டையே சந்தேகித்தோம். பூட்டில் குற்றமில்லை. எவரேனும் தவறான நூல் எண்ணை இட்டால், நிரல் பிழை காட்டி நடுவிலேயே வெளியேறிவிடும். இணைப்பைத் திருப்பும் வரியோ அதற்குக் கீழே இருந்தது. ஐந்து தவறுகளில் ஐந்து இணைப்புகளும் தீர்ந்தன. பைத்தானிலும் ஜாவாவிலும் 'ஃபைனலி' என்றொரு பகுதி உண்டு. பிழை நேர்ந்தாலும் நேராவிட்டாலும் அது நடந்தே தீரும். திருப்பும் வரியின் இடம் அதுவே. திருப்புமுன் முடியாத வேலையை நீக்கிவிடவும் வேண்டும். அறுந்துபோன இணைப்பாயின் எறிந்துவிட்டுப் புதியதொன்றைத் திறந்து வைக்க வேண்டும்.

ஐந்து போதுமா, ஐம்பது வேண்டுமா? பெருக்கிப் பாருங்கள். ஒரே தரவுத்தளத்தை நாடும் 20 நிரல்கள் ஆளுக்குப் பத்து இணைப்புகளை வைத்துக்கொண்டால் 200. மேலே சொன்ன எல்லையோ 100.

பைத்தானில் 'கியூ' என்னும் ஆயத்த வரிசைக்குள் பூட்டும் காத்திருப்பும் அமைந்தே இருக்கின்றன. அதைக் கொண்டு சில வரிகளில் ஒரு தொகுதியைக் கட்டிவிடலாம். ஆயினும் முதலில் வெறும் பட்டியலைக் கொண்டு, பூட்டில்லாமல் எழுதுங்கள். மூன்று இணைப்புகள், இருபது இழைகள். பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவே வேண்டுமென்றே சிறிது உறக்கம் வைத்து ஓடவிடுங்கள். என்ன நேர்கிறது என்று குறித்துக்கொண்டு, அதன்பிறகு பூட்டைச் சேருங்கள்.