நெஞ்சு வலி என்று அவர் சொல்லவே இல்லை

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, 'அம்மா' என்று சாய்வார்கள் என்றுதான் சினிமா பார்த்துப் பார்த்து நம் மனதில் பதிந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் கடைசி வரை நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாடை வலிக்குது, பல்லு ஏதோ சொத்தை போலிருக்கு என்றார். இடது தோள் கடுக்குது என்றார். வியர்வை மட்டும், தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி கொட்டியது. கார்த்திகை மாசத்துக் குளிரில் யாருக்காவது அப்படி வேர்க்குமா?

சகோதரிகளே, எனக்கு வயது 36. பத்தாவது வரை படித்திருக்கிறேன். ஊர் திருப்பூர். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2022-ல் போகும்போது அவருக்கு 41 வயது. சர்க்கரை இருந்தது; மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவார். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று காலை கம்பெனி ஆட்களே பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கேஸ் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் இரண்டு வாய் சாப்பிட்டார். நாலு மணிக்கு மறுபடி வேர்த்தது. உடனே 108-க்குப் போன் செய்தேன். வண்டியும் சீக்கிரமே வந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப் போவதால், மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமலே போகலாம் என்று பின்னால் ஒரு டாக்டரம்மா விளக்கினார். தாடை, தோள், முதுகு, மேல் வயிறு என்று எங்கு வேண்டுமானாலும் வலி காட்டுமாம். பெண்களுக்கு வெறும் மூச்சு வாங்கலும் அசதியுமாகக்கூட வருமாம். நாம்தான் அடுப்படியில் நின்று நின்று வந்த அசதி என்று சொல்லிக்கொண்டு இருப்போமே! வேர்த்துக் கொட்டினால் கேஸா, இதயமா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தாமல், 'முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். டாக்டர் கோபித்துக் கொண்டால் கோபித்துக் கொள்ளட்டும்.

2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ரத்தக்கட்டு பெருகாமல் இருக்க மாத்திரைகளை உடனே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற ஏற்பாடு. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரே கூடி நின்று பார்க்க வேண்டும் என்று சொந்தத்தில் சிலர் வந்திருந்தார்கள். என் மாமியார், அவரும் தாலி இழந்தவர்தான், விடியற்காலை நாலு மணிக்கே என்னை எழுப்பி, பக்கத்தில் இரண்டே பேரை வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிட்டார். 'எனக்குப் பண்ணினதை உனக்குப் பண்ண விடமாட்டேன் சாமி' என்றார். வந்தவர்களுக்கு முகம் சுருங்கிப் போச்சு. எனக்கு அந்த அம்மாதான் தெய்வம்.

அழுது முடிப்பதற்குள் காகித வேலை வந்து நிற்கும். இறப்புச் சான்றிதழை 10 நகலாவது வாங்கி வையுங்கள், போகிற இடமெல்லாம் ஒன்று கேட்கிறார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு கொடுத்தேன். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து தாசில்தார் கொடுப்பார். அதில் மனைவி, பிள்ளைகளோடு மாமியார் பெயரும் வரும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய்க்கும் பங்கு உண்டு. இது தெரியாமல் எத்தனை வீட்டில் மாமியாரும் மருமகளும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்! எங்கள் வீட்டில் அவர், 'பேத்திக்கு இருக்கட்டும்' என்று கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

ஆதாரில் அவர் இனிஷியல் ஒரு மாதிரி, பி.எப். கணக்கில் வேறு மாதிரி. அந்த ஒரு எழுத்துக்காக ஐந்து மாசம் நடந்தேன். பி.எப். இருக்கிறவர்கள் வேலையில் இருக்கும்போதே இறந்தால், சேமிப்புப் பணம் மட்டும் இல்லை. மனைவிக்கு மாசா மாசம் பென்ஷன், 25 வயது வரை பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனிப் பென்ஷன், அது போக இன்ஷூரன்ஸ் தொகை என்று இருக்கிறது. இன்ஷூரன்ஸ் இருப்பதைக் கம்பெனியில் யாரும் சொல்லவில்லை. மேல் வீட்டு அக்காவின் தம்பி சொல்லித்தான் தெரியும். அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

அவர் செல்போனில் கோடு இழுக்கிற பூட்டு. அது எப்படி இழுக்க வேண்டும் என்று மகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாருக்குக் கைமாற்று கொடுத்தார், எந்தச் சீட்டில் எத்தனை தவணை கட்டினார், எல்லாம் அவர் மனக்கணக்கு. கொடுக்க வேண்டியவர்கள் எட்டாம் நாளே வந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். வாங்க வேண்டியவர்கள்தான் வந்தார்கள்.

இப்போது வீட்டிலேயே பிசிர் வெட்டிக் கொடுக்கிறேன். பென்ஷனும் வருகிறது. மகளைப் படிக்க வைக்கிறேன். சீட்டுக்காரர் மட்டும் கடைவீதியில் எதிரே பார்த்தால், 'நல்லா இருக்கியாம்மா, பாப்பா நல்லா படிக்குதா' என்று விசாரித்துவிட்டுப் போகிறார். பணத்தைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. அடுத்த தடவை மாமியாரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போகலாம் என்று இருக்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.