ஹோமரும் பாணரும்: கைலாசபதி வழியாக ஒரு வாசிப்பு

ஒண்டிக்கடையில் சேலம் பஸ்சுக்காகக் காத்திருந்த நேரங்களில்தான் இலியட்டைப் படித்து முடித்தேன். கிரேக்கம் எனக்குத் தெரியாது. கையில் இருந்தது இ.வி. ரியூவின் ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு, அட்டை போன பழைய பிரதி. டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார்: "தமிழ் எம்.ஏ. படிச்சுட்டு இது எதுக்கு சார்? நம்மகிட்ட இல்லாதது என்ன அதுல இருக்கு?"

கேள்வி அவருடையது மட்டுமல்ல. நான் படித்த வகுப்பில் கிரேக்கம் என்பது ஒரு நற்சான்றுப் பத்திரமாகவே இருந்தது. 'அவர்களுக்கு ஹோமர், நமக்குச் சங்கம்' என்று எழுதினால் மதிப்பெண் விழும். அதற்கு ஹோமரைப் படிக்க வேண்டாம்; சங்கப் பாடல்களைக்கூடப் படிக்க வேண்டாம்.

சான்றிதழுக்காக ஒப்பிடுவது வேறு, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் படிப்பது வேறு என்பதை எனக்குக் காட்டியவர் க. கைலாசபதி (1933–1982). பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த ஆய்வை அவர் 1968இல் 'தமிழ் ஹீரோயிக் பொயட்ரி' என்று ஆங்கில நூலாக்கினார். தாம்சன் மார்க்சியர், ஈஸ்கிலஸ் பற்றி எழுதியவர். 1923இல் அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவுக்குப் போய், அந்த மக்களிடம் பேச்சு ஐரிஷ் கற்று, பின்னால் கால்வேயில் கிரேக்கத்தை ஐரிஷ் மொழியிலேயே கற்பித்தவர். செவ்வியல் என்பது மேட்டுக்குடியின் சொத்து என்று நம்பாத ஆசிரியர்.

கைலாசபதி கையாண்ட கருவி மில்மன் பாரியுடையது. ஹோமரில் அகிலீஸ் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவனுக்கு 'விரைந்த காலுடையவன்' என்ற அடைதான். ஏன்? ஏட்டில் யோசித்து எழுதுகிறவனின் சொல்தேர்வு அல்ல இது. கூட்டத்தின் முன் பாடிக்கொண்டே இயற்றுகிறவனுக்கு, அடியில் ஓர் இடத்தை நிரப்பக் கைவசமிருக்கும் வாய்பாடு என்றார் பாரி. 1930களில் யூகோஸ்லாவியப் பாடகர்களைப் பதிவுசெய்து இதைச் சோதித்தார். 1935இல், 33 வயதில் அவர் இறந்துபோக, ஆல்பர்ட் லார்ட் அந்த வேலையை 1960இல் நூலாக்கினார். கைலாசபதி இதே கேள்வியைச் சங்கப் பிரதிகளிடம் கேட்டார். திரும்பத் திரும்ப வரும் தொடர்கள், அடைகள், பாணரும் பொருநரும் விறலியரும் பரிசில் தேடி நடந்த வழிகள் இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இது வாய்மொழி மரபு என்றார். காலம் கடந்த 'பொற்காலம்' போய், பசித்த பாணன் வந்தான்.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. இலியட் 15,000 அடிகளுக்கு மேல் ஓடுவது; அங்கே வாய்பாடு பாடகனுக்கு ஊன்றுகோல். புறநானூற்றின் 400 பாடல்களில் பல, பத்து இருபது அடிகளில் முடிந்துவிடுகின்றன. இந்தச் சிறிய தூரத்துக்கு ஊன்றுகோல் எதற்கு? பாணர் பாட்டை மாதிரியாகக் கொண்டு புலவர்கள் இயற்றியவை இவை என்று 1975இல் ஜார்ஜ் ஹார்ட் எழுதியதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அதனால் கைலாசபதியின் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

இலியட்டின் கடைசிப் பகுதியில், மகனைக் கொன்றவனின் கூடாரத்துக்கே கிழவன் பிரியம் வந்து, கொன்ற கைகளை முத்தமிட்டு, மகனின் உடலைக் கேட்கிறான். இருவரும் அழுகிறார்கள். புறத்தில் இப்படி ஒரு காட்சி உண்டா என்று தேடினேன். இல்லை. தேடியபோது வேறொன்று கிடைத்தது. 62ஆம், 63ஆம் பாடல்களில் சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் அவனோடு பொருத சோழனும் ஒரே களத்தில் வீழ்கிறார்கள். கழாத்தலையாரும் பரணரும் இருவருக்காகவும் இரங்குகிறார்கள். 45இல் கோவூர்கிழார் நலங்கிள்ளியையும் நெடுங்கிள்ளியையும் பார்த்து, இருவரும் சூடியிருப்பது ஆத்தியே, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்ற பொருளில் சொல்கிறார். கதை சொல்லும் ஹோமருக்குப் பகைவர்களை ஒரு கூடாரத்தில் சந்திக்க வைக்க அவகாசம் இருக்கிறது. சிறிய பாடலில் அது இல்லை. எனவே பாடுகிறவனே நடுவில் போய் நிற்கிறான்.

அவனால் எப்படி நிற்க முடிந்தது? பரணர் சேரரையும் பாடினார், சோழரையும் பாடினார். பரிசில் வாங்கி வாழ்ந்தவனுக்கு ஒரே அரசவை கிடையாது. நாம் கொஞ்சம் கூச்சத்தோடு பார்க்கும் அந்தக் கையேந்தும் வாழ்க்கைதான் இந்த நடுநிலையையும் தந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாய்பாட்டுக் கொள்கை தளர்ந்த இடத்திலும் கைலாசபதி கேட்ட சமூகக் கேள்வி நிற்பது இதனால்தான். ஹோமரைப் படிக்காமல் இந்த மூன்று பாடல்களையும் நான் சேர்த்துப் படித்திருக்க மாட்டேன்.

டீக்கடைக்காரரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பிரியம் கதையை மட்டும் சொன்னேன். கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பெரியவர் பொணத்தை வாங்கிட்டுப் போனாரா இல்லையா?"

"போனாருண்ணா. அடக்கம் பண்ண பதினோரு நாள் சண்டையில்லாம இருக்கணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனார்."

"அப்புறம்?"

"பன்னெண்டாம் நாள் மறுபடி சண்டைதான்."

பஸ் வந்துவிட்டது.